கொக்கி இல்லாத ரத்தம்

சீட்டில் ‘ஓ’ என்று எழுதுவதற்கு முன் பேனாவை ஒரு தடவை கீழே வையுங்கள். ரத்தப் பரிசோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். குழாயை எப்படிக் கழுவுவது, எத்தனை சொட்டு விடுவது என்பதெல்லாம் கைக்குத் தானாகப் பழகிவிடும். பேனாவைக் கீழே வைப்பது மட்டும் தானாக வராது. அதற்கு ஒரு நாளாவது பயந்திருக்க வேண்டும்.

நான் பயந்த நாளைச் சொல்கிறேன். பயம் என்று சொன்னாலும், அன்று நான் அடைந்த பரவசத்தை இந்த வேலை பிறகு எனக்கு ஒருமுறைகூடத் தரவில்லை. இரண்டும் ஒரே மேஜையில், ஒரே பகலில் நடந்தன.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பம்பாயில், மாதுங்காவில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனை. இப்போது அது இல்லை. மாடிப்படிக்குப் பின்னால் என் ஆய்வுக்கூடம். ஒரு மேஜை, ஒரு நுண்ணோக்கி, கையால் சுற்றும் சுழற்சிப் பொறி, ரத்த பாட்டில்கள் வைக்க ஒரு ஃபிரிட்ஜ். காலையில் வந்ததும் மேஜையைத் துடைத்து, குழாய்களை உயரவாரியாக அடுக்கி, டைரியில் தேதியும் வானிலையும் எழுதிவிட்டுத்தான் உட்காருவேன். அன்றைக்கு ‘விடாத மழை, கிங் சர்க்கிளில் தண்ணீர்’ என்று எழுதி முடிப்பதற்குள் மாடியிலிருந்து சீட்டு வந்துவிட்டது.

நோயாளியின் பெயர் ஜெபமணி. தாராவியில் இருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முதல் பிரசவம், எட்டு மாதம் தாண்டியிருந்தது. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை அடைத்துக்கொண்டு கீழே படிந்திருந்தது. அப்படி இருந்தால் பிள்ளை வெளியே வர வழியில்லை, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு தடவை ரத்தம் போய் ஏற்கெனவே சுண்ணாம்பாக வெளுத்திருந்தாள். ஏற்றுவதற்கு ரத்தம் கைவசம் இல்லாமல் அறுத்தால் அவள் பிழைப்பது சந்தேகம். அறுக்காமல் விட்டால் அடுத்த போக்கில் தாயும் பிள்ளையும் இரண்டுமே போகலாம். ‘இரண்டு பாட்டில், உடனே’ என்று எழுதியிருந்தது.

எழுதியவர் எங்கள் மகப்பேறு மருத்துவர். மராத்திக்காரர். பெண்களை மரியாதையாக அழைக்கும் மராத்திச் சொல்லைச் சேர்த்து டாக்டர் பாயி என்றுதான் எல்லோரும் அழைப்போம். பம்பாய் இந்தியும் நோயாளிகளிடம் பொறுக்கிய தமிழும் கலந்து பேசுவார். அதையெல்லாம் நான் இங்கே நேரான தமிழாக்கி எழுதுகிறேன்.

ஜெபமணியின் சிவப்பணுக்களை ‘ஏ’ சோதனைத் திரவத்தில் விட்டேன். திரளவில்லை. ‘பி’ திரவத்தில் விட்டேன். திரளவில்லை. இரண்டிலும் திரளாவிட்டால் ‘ஓ’. ஃபிரிட்ஜில் மூன்று ‘ஓ’ பாட்டில்கள் இருந்தன. அதிர்ஷ்டக்காரி என்று நினைத்துக்கொண்டு, முதல் பாட்டிலின் சொட்டையும் அவளுடைய சீரத்தின், அதாவது அணுக்கள் நீங்கிய தெளிநீரின், சொட்டையும் வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வைத்துக் கலந்தேன்.

ஒத்துப்போகிற ரத்தம் ஓட்டில் வழவழவென்று ஒரே நிறமாகப் படரும். ஒத்துப்போகாதது ரவை ரவையாகத் திரியும். இது திரிந்தது. அதுவும் மெதுவாக இல்லை. ஓட்டை நான் ஒரு தடவை சாய்ப்பதற்குள் கண்ணுக்கு நேரே கெட்டியாகிவிட்டது.

இரண்டாவது பாட்டிலும் அப்படியே. மூன்றாவதும்.

இந்த மாதிரி நேரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது நோயாளியை அல்ல, தன் கையை. உப்புக் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக எடுத்தேன். வேறு ஓடு, வேறு குழாய். மாடிக்குப் போய் என் கையாலேயே அவள் கையிலிருந்து மறுபடி ரத்தம் எடுத்து வந்தேன். மறுபடியும் ரவை.

சிலருடைய சீரம் எதைக் கண்டாலும், தன் சொந்த அணுக்களைக்கூட, திரித்துவிடும். அதனால் அவளுடைய சீரத்தை அவளுடைய அணுவோடேயே கலந்து பார்த்தேன். வழவழவென்று அமைதியாகப் படர்ந்தது. என் விரலைக் குத்தினேன். நானும் ‘ஓ’தான். என் சொட்டு அவளுடைய சீரத்தைத் தொட்டதும் சுக்குநூறாயிற்று.

அப்போதுதான் என் முதுகில் சில்லென்று ஏறியது. இந்தப் பெண்ணின் ரத்தம் தன்னைத் தவிர யாரையும் ஏற்கவில்லை. எல்லோரிடமும் இருக்கிற ஏதோ ஒன்று இவளிடம் மட்டும் இல்லை. படிக்கும்போது ஒரே ஒரு பத்தியில் கடந்துபோன விஷயம், நம் ஊரிலேயே கண்டறியப்பட்டு நம் ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்ட ரத்த வகை, என் மேஜையில் வந்து உட்கார்ந்திருந்தது. பாம்பே வகை. நுண்ணோக்கியை விட்டு எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தேன்.

டாக்டர் பாயி படியிறங்கி வந்தார்.

“பாட்டில் எங்கே?”

“தர முடியாது, டாக்டர்.”

“மூன்று ‘ஓ’ இருக்கிறதே. நானே பார்த்தேன். ‘ஓ’ யாருக்கும் போகும்.”

“இவளுக்குப் போகாது. ஏற்றினால் ரத்தப்போக்குக்கு முன்னால் நாமே கொன்றுவிடுவோம்.”

ஓட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “சொல்” என்றார். நான் பரபரவென்று சொன்னேன். அன்று அவருக்குச் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் சிவப்பணுவில் ஒரு கொக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஹெச் என்று பெயர். ‘ஏ’ பிரிவுக்காரருக்கு அந்தக் கொக்கியில் ‘ஏ’ என்ற பை தொங்கும். ‘பி’ பிரிவுக்காரருக்கு ‘பி’ பை. ‘ஓ’ பிரிவுக்காரருக்கு வெறும் கொக்கி. பல்லாயிரத்தில் ஒருவருக்குக் கொக்கியே இருப்பதில்லை. பை கைவசம் இருந்தாலும் மாட்ட இடமில்லை. நம் சோதனை பையைத்தான் தேடுகிறது. பை தென்படாததால் நாம் ‘ஓ’ என்று எழுதிவிடுகிறோம். அவர் உடம்போ கொக்கியைக் கண்டதே இல்லை. வெறும் கொக்கியோடு வரும் ‘ஓ’ ரத்தத்தையும் அந்நியன் என்று அடித்து நொறுக்கும்.

“அப்படியானால் இவளுக்கு யார் ரத்தம்?”

“இவளைப் போலவே கொக்கி இல்லாதவர் ரத்தம் மட்டும்.”

நகரத்தின் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு ஃபோன் போட்டோம். அவர்களுக்குத் தெரிந்த கொடையாளி ஒருவர் நாசிக் பக்கம் இருந்தார். மழையில் அன்றைக்குள் வரவழைப்பது நடக்காது என்றார்கள். ஃபோனை வைத்த டாக்டர் பாயி என்னைப் பார்த்தார்.

“கூடப்பிறந்தவர்கள்?”

அதைத்தான் நானும் சொல்ல வாயெடுத்தேன்.

கொக்கி செய்வதற்கான குறிப்பு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. ஒன்று சரியாக இருந்தாலே போதும், கொக்கி வந்துவிடும். அதனால் அது ஓங்கு பண்பு. பழுதான பிரதி அந்த நல்ல பிரதியின் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அது ஒடுங்கு பண்பு. தலைமுறைகள் கடந்தாலும் யார் கண்ணிலும் படாது. அப்பா, அம்மா இருவரிடமும் அதே பழுதான பிரதி ஒளிந்திருந்து, இருவரும் அதையே ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால்தான் வெளியே வரும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் அப்படிச் சந்திக்கும் வாய்ப்பு கூடும், ஏனென்றால் இருவருக்கும் அது ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்திருக்கலாம்.

ஜெபமணியின் அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மா கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காதில் தண்டட்டி, கையில் சுருட்டிய ஈரக் குடை. எல்லோரும் அவரை அம்மை என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

“அம்மை, உங்க வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன உறவு?”

“என்ன உறவுன்னா? புருஷன்.”

“கல்யாணத்துக்கு முன்னாடி?”

“அத்தை மவன். வேற யாருக்குக் குடுப்பாவ?”

சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துவிட்டேன். பாவம், மிரண்டுபோனார். “எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?”

“மூணு ஆணு. இவ ஒருத்தி. நாலு.”

ஜெபமணியின் கணவர் ஞானராஜ் அடுத்த பெஞ்சில் இருந்தார். தாராவியில் சின்ன மளிகைக்கடை. அம்மையின் தம்பி மகன், அதாவது ஜெபமணிக்கு மாமன் மகன். இந்தத் தலைமுறையிலும் சொந்தம்தான். அம்மை ‘நாலு’ என்றபோது அவர் தலையைத் தூக்கினார். பிறகு குனிந்துகொண்டார். அதை நான் பார்த்தேன். ஆனால் பொருட்படுத்தவில்லை, மனசு முழுக்கக் கொக்கியாக இருந்தது.

கடைப் பையன் ஓடிப்போய் அண்ணன்மார் மூவரையும் கூட்டி வந்தான். மூவரும் தோல் கிடங்கில் வேலை. நனைந்து, தோல் வாடையோடு வரிசையாக வந்து கையை நீட்டினார்கள். மூத்தவர் செல்லையா மற்றவர்களுக்கும் சேர்த்துப் பேசுவார்.

“நர்சம்மா, ஒரு தோலைத் தொட்டா எந்த ஊரு ஆடுன்னு நான் சொல்லிருவேன். நீங்க ரத்தத்தைத் தொட்டுச் சொல்லுதிய. ரெண்டும் ஒரே தொழிலு.”

“நான் நர்ஸ் இல்லை.”

“சரி, நர்சம்மா.”

அவர் ‘பி’. ஜெபமணியின் சீரத்தில் திரிந்தார். நடு அண்ணன் ‘ஓ’. திரிந்தார். சின்ன அண்ணன் கையை நீட்டும்போது, “என் ரத்தம் காரமா இருக்கும், பாத்து எடுங்க” என்றார். அதுவும் ‘ஓ’, அதுவும் திரிந்தது. ஞானராஜையும் குத்திப் பார்த்தேன், அவரும் ‘ஓ’தான், திரிந்தது. நோயாளியின் சீரமே எனக்குச் சோதனைத் திரவம். அது பொய் சொல்லாது.

அம்மை எழுந்து வந்து தன் கையை என் மேஜையில் வைத்தார். “என்னை எடு. நான் பெத்தவ.”

எடுத்துப் பார்த்தேன். ‘பி’. திரிந்தது.

“நான் பெத்த பிள்ளைக்கு என் ரத்தம் சேராதா?”

“உங்ககிட்ட நல்லது ஒண்ணு, பழுது ஒண்ணு இருக்கு அம்மை. உங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ரெண்டு பேரும் ஜெபமணிக்குப் பழுதையே கொடுத்துட்டீங்க. தெரிஞ்சு கொடுக்கல. அது சீட்டுக் குலுக்குற மாதிரி. நாலில் ஒண்ணு அப்படி விழும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் சொல்லும்போது கவனமாக இருங்கள். ஏன் என்று இப்போது தெரியும்.

டாக்டர் பாயி அறுவைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டார். ரத்தத்துக்குப் பதிலாக உப்பு நீரும் இன்னொரு திரவமும் மட்டும் ஏற்றி முயன்று பார்ப்பது. அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. அப்போது ஞானராஜ் எழுந்தார்.

“அத்தை, சொல்லிருங்க.”

அம்மை சுவரைப் பார்த்தார்.

“இன்னொருத்தி இருக்கா,” என்றார் ஞானராஜ் என்னிடம். “எஸ்தர். இவளுக்கு மூத்தவ. செம்பூர்ல, திலக் நகர்ல இருக்கா.”

“அவ எங்களுக்கு இல்ல,” என்றார் அம்மை. “நாலுதான்.”

விஷயம் இதுதான். எஸ்தரை ஞானராஜுக்கு என்று பிறந்தபோதே பேசிவைத்திருந்தார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லி, தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்த ஒரு மராத்திக்காரரைக் கட்டிக்கொண்டாள். முறை மாப்பிள்ளையை வேண்டாம் என்ற பெண்ணை அந்த வீடு கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. ஞானராஜுக்குத் தங்கையைக் கட்டிவைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்டவர் அவர். அவர்தான் இப்போது அவள் பெயரைச் சொன்னார்.

செல்லையா குறுக்கே வந்தார். “நில்லுங்க. நர்சம்மாதான சொன்னாவ, நாலுல ஒண்ணுன்னு? நாங்க மூணு பேரு, ஜெபமணி ஒண்ணு. அந்த ஒண்ணு வந்துட்டுல்லா? கணக்கு முடிஞ்சிட்டு. இனி அவளைக் கூப்புட்டு என்ன பிரயோசனம்?”

என் வாக்கியத்தை எடுத்து என் முன்னாலேயே கதவைச் சாத்துகிறார். அதற்குள் டாக்டர் பாயி திரும்பினார்.

“ஏய் பாவு,” என்றார் செல்லையாவிடம், அண்ணே என்கிற மாதிரி. “என் வார்டில் நாலு பெண் பெற்றவள் வருவாள். இந்தத் தடவை ஆண்தான், கணக்குப்படி அதுதான் பாக்கி என்பாள். நான் அஞ்சாவது பெண்ணை எடுத்து அவள் கையில் கொடுப்பேன். கருப்பைக்குக் கணக்கு தெரியாது. முன்னால் யார் பிறந்தார்கள் என்று அது ஞாபகம் வைப்பதில்லை.”

“அதேதான்,” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “நாலில் ஒன்று என்பது நாலு பேரில் ஒருத்தர் என்று பங்கு பிரிப்பது இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுச் சீட்டு. எஸ்தருக்கும் முழுசாக நாலில் ஒன்று இருக்கிறது. ஜெபமணி எடுத்துக்கொண்டதால் அது குறையவில்லை.”

“நாலில் மூன்று இல்லாமல் போவதற்கும் இருக்கிறது,” என்றார் டாக்டர் பாயி என்னிடம் மெதுவாக.

“ஆமாம். அதற்கு மேல் நான் சொல்ல முடியாது.”

இந்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொல்கிறேன். உற்சாகத்தில் ‘நிச்சயம் சேரும்’ என்று நான் சொல்லியிருக்கலாம். அவர்கள் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார்கள். சொல்லியிருந்தால் டாக்டர் பாயி என் வார்த்தையை நம்பிக் காத்திருப்பார், இடையில் ஜெபமணிக்கு என்ன ஆனாலும் அந்தப் பொய் என்னுடையது. உங்களுக்குத் தெரிந்த அளவை மட்டும் கொடுங்கள். முடிவெடுக்கிறவர் அதை வைத்து முடிவெடுக்கட்டும்.

அவர் எடுத்தார். “தியேட்டர் தயாராக இருக்கட்டும். ரத்தப்போக்கு தொடங்காதவரை காத்திருப்பேன். தொடங்கினால் அந்த நிமிஷமே அறுப்பேன். யார் போகிறீர்கள்?”

“நான்,” என்றார் ஞானராஜ்.

“நீயா மச்சான் போகணும்?” என்றார் செல்லையா. “அவ உன்னையதான வேண்டாம்னா.”

“என்னை வேண்டாம்னா. தங்கச்சிய வேண்டாம்னு சொல்லலியே,” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

அவர் போன டாக்சி சயான் பக்கம் தண்ணீரில் மாட்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் மேஜைக்குத் திரும்பி, ஒரு காலி பாட்டிலையும் ஊசியையும் எடுத்து வைத்தேன். ஜெபமணியின் சீரத்தைச் சொட்டுக் கணக்கில் பிரித்து வைத்தேன். வைத்துவிட்டுச் செய்ய ஒன்றுமில்லாமல் குழாய்களை மறுபடி உயரவாரியாக அடுக்கினேன். ஏற்கெனவே அப்படித்தான் இருந்தன.

மாடியில் ஜெபமணிக்கு மூன்றாவது தடவை ரத்தம் போக ஆரம்பித்தது. தள்ளுவண்டிச் சத்தம் என் தலைக்கு மேலே தியேட்டர் பக்கம் உருண்டு போயிற்று. அம்மை ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். செல்லையா வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டிருந்தார். கணக்கு முடிந்துவிட்டது என்று சொன்ன அதே ஆள் ஒவ்வொரு டாக்சி ஹாரனுக்கும் மழையில் எட்டிப் பார்த்தார்.

எஸ்தர் வந்தபோது முழங்கால் வரை சேலை நனைந்திருந்தது. நல்ல உயரம். அக்காவும் தங்கையும் ஒரே முகம். அம்மையைத் தாண்டித்தான் வரவேண்டும். தாண்டினாள். நேரே என் மேஜைக்கு வந்தாள்.

“எங்க குத்தணும்?” என்று என்னிடம் கேட்டாள்.

விரலைக் குத்தினேன். ‘ஏ’ திரவத்தில் திரளவில்லை. ‘பி’ திரவத்தில் திரளவில்லை. இதற்கு அர்த்தம் எதுவுமில்லை, அவள் சும்மா ‘ஓ’வாகவும் இருக்கலாம். மூன்றாவது வட்டத்தில் ஜெபமணியின் சீரம். எஸ்தரின் சொட்டை அதில் விட்டேன். குச்சியால் கலந்தேன். ஓட்டைச் சாய்த்தேன்.

வழவழவென்று படர்ந்தது.

மறுபக்கம் சாய்த்தேன். படர்ந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு ரவை இல்லை. காலையிலிருந்து பாட்டில்களிலும் விரல்களிலும் எத்தனை ரத்தத்தைத் தொட்டு எத்தனை தடவை திரிந்திருந்தது அந்தச் சீரம். இப்போது வீட்டு ஆளைக் கண்டதுபோல் விலகி வழிவிட்டது. இரண்டு பேர், யாரும் பார்க்காமல், யாரும் கேட்காமல், ஒரே அப்பாவிடமிருந்தும் ஒரே அம்மாவிடமிருந்தும் அதே இரண்டு சீட்டுகளை எடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பட்டாணிச் செடியை வைத்துக் கட்டம் போட்டுப் படித்தது, இதோ என் விரலுக்குக் கீழே உண்மையாக இருக்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேலேயிருந்து ஆள் ஓடி வந்தார். “டாக்டர் பாயி அறுக்க ஆரம்பித்துவிட்டார். பாட்டில் கேட்கிறார்.”

ஓட்டில் பார்த்தது போதாது, குழாயில் சுழற்றியும் பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். ரத்தம் எடுக்கவும் அதே கொஞ்ச நேரம் ஆகும். ஒன்றன் பின் ஒன்றாகச் செய்ய நேரமில்லை, ஒன்றை விட்டுவிடவும் முடியாது. எஸ்தரைப் படுக்கவைத்து ஊசி போட்டு பாட்டிலை நிரம்ப விட்டேன். இந்தப் பக்கம் சுழற்சிப் பொறியைச் செல்லையாவின் கையில் கொடுத்தேன். “ஒரே சீராகச் சுற்றுங்கள், நான் நிறுத்தச் சொல்லும் வரை.” அவர் தோல் உருட்டுகிற கை, அசையாமல் சுற்றினார். பாட்டில் நிறைந்தபோது குழாயைத் தட்டிப் பார்த்தேன். அடியில் படிந்திருந்த சிவப்பு புகைபோல் எழுந்து கலைந்தது. திரளே இல்லை. திருப்பியும் பார்த்தேன், எஸ்தரின் சீரத்தில் ஜெபமணியின் அணு. அதுவும் அமைதி.

அதற்குப் பிறகுதான் பாட்டிலைக் கையிலிருந்து விட்டேன். மேலே போய்க் கொடுத்தவளும் நானே.

ஒரே ஒரு பாட்டில். டாக்டர் பாயி அதைச் சிக்கனமாக ஓடவிட்டு வேகமாக வேலையை முடித்தார். பெண் குழந்தை. ஜெபமணியின் நாடி மெதுவாக ஏறி நின்றது. “உன் கொக்கிப் பெண் பிழைத்துக்கொள்வாள்” என்றார் அவர் வெளியே வந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே.

நான் அதற்குள் தொப்புள்கொடி ரத்தத்தோடு கீழே ஓட ஆரம்பித்திருந்தேன், அவரும் பின்னாலேயே இறங்கி வந்தார். எனக்கு ஒரு சந்தேகம், ஆசை என்றே சொல்லலாம். ‘ஏ’ திரவத்தில் விட்டேன், திரளவில்லை. ‘பி’ திரவத்தில் விட்டேன். திரண்டது, பளிச்சென்று.

டாக்டர் பாயி படியிலேயே நின்றுவிட்டார். “தாய் ‘ஓ’, தகப்பன் ‘ஓ’, பிள்ளை ‘பி’யா? குழாய் மாறிவிட்டது. மறுபடி பார்.”

“மாறவில்லை. தாய் ‘ஓ’ இல்லை, டாக்டர். அவளிடம் ‘பி’ பை இருந்திருக்கிறது, அவள் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இருக்கிற அதே பை. மாட்டக் கொக்கி இல்லாததால் நமக்குத் தெரியவில்லை. பிள்ளைக்குப் பையை அவள் கொடுத்தாள். கொக்கியைத் தகப்பன் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷம் அவளிடம் ஒளிந்திருந்தது பிள்ளையிடம் வெளியே வந்துவிட்டது.”

அவர் சிரித்துவிட்டார். உடனே சிரிப்பை நிறுத்தினார். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே விஷயத்தை நினைத்திருக்க வேண்டும். நாளைக்கு வேறு எந்த மருத்துவமனையிலாவது யாராவது மூன்று சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஓ, ஓ, பி. பிறகு ஒரு புருவம் உயரும். அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும், அதுவும் தான் செய்யாத ஒன்றுக்கு.

ஆகவே ஜெபமணியின் சீட்டில் நான் ‘ஓ’ எழுதவில்லை. ‘பாம்பே வகை. ‘ஓ’ ரத்தம் ஏற்றக்கூடாது. இவருடைய பிள்ளைகள் எந்தப் பிரிவாகவும் இருக்கலாம்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். எஸ்தருக்கும் அதே மாதிரி ஒன்று. பிறகு ஞானராஜைக் கூப்பிட்டு, பையையும் கொக்கியையும் வைத்து விளக்கினேன். பாதியில் நிறுத்தி, புரிகிறதா என்று கேட்டேன்.

“புரியுது,” என்றார். “சரக்கு அவளோடது. மாட்டுத ஆணி நம்மோடது.” கொஞ்சம் யோசித்தார். “கடையிலயும் அப்படித்தான்.”

இந்த மாதிரிக் குடும்பம் கிடைத்தால் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு ஒரு குடும்ப மரம் வரைந்து அனுப்ப வேண்டும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கொக்கி இல்லாதவருக்கு உள்ளே கறுப்பு. காகிதத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். எஸ்தர் ரத்தம் கொடுத்த களைப்பில் பெஞ்சில் சாய்ந்திருந்தாள். செல்லையா எங்கிருந்தோ ஒரு கிளாஸ் மோசம்பி ஜூஸ் வாங்கி வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். அம்மை அதை அவர் கையிலிருந்து வாங்கி எஸ்தரின் முன்னால் நீட்டினார்.

“குடி.”

எஸ்தர் குடித்தாள். பாதி குடித்துவிட்டு, “சீனி கூட,” என்றாள்.

“ரத்தம் குடுத்தவளுக்குச் சீனி கூடத்தான் போடணும். குடிட்டி.”

நான் அம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் விரித்தேன். மேலே ஒரு கட்டம், ஒரு வட்டம் போட்டு இரண்டையும் கோட்டால் சேர்த்தேன். அதற்குக் கீழே பிள்ளைகளுக்கு இடம் விட வேண்டும். எத்தனை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

“அம்மை, உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?”

அவர் எஸ்தரின் கையிலிருந்த காலி கிளாஸை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அஞ்சு,” என்றார். “எழுதிக்கோ.”